ஒட்டாத மென்பொருள்

எங்கள் ஊருக்கு வரும் மென்பொருள்கள் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. சம்பந்தம் பேச வந்து, பஜ்ஜியைச் சாப்பிட்டு, "வீட்ல கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் போலத்தான் அவை நடந்துகொள்ளும். திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிறையும். நிறைந்ததும் பெட்டி தானாக மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு கணினியில் எங்கே தேடினாலும் மென்பொருள் இருக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. காரணத்தை மூன்றாம் மனிதரிடம்தான் சொல்லும். அதைக் கேட்டுச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விசாரிக்கிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். காந்திபுரத்தில் கணினி பழுது பார்க்கும் கடைகளுக்கு மேல்மாடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

நான் கவுண்டம்பாளையத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த இரண்டு வீடுகளில் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே வேலை. கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும், பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அது என் காதுக்கு வரும். நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். யாருடைய பித்தப்பையில் கல் இருக்கிறது, யாருக்கு இடது முழங்கால் மடங்கவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களில் யாரையும் நான் பார்த்ததில்லை. கூட வேலை செய்கிறவர்களையும் பார்த்ததில்லை. அறிக்கையின் அடியில் இருக்கும் முதலெழுத்துகளாகத்தான் எல்லோரும் அறிமுகம். நான் நா.மு. என் அறிக்கைகளைச் சரிபார்ப்பவர் ஜெ.ரா. பல வருடங்களாக என் கமாக்களை அடித்து நீக்கிக்கொண்டிருப்பவர். ஆணா பெண்ணா என்று தெரியாது.

இந்த வருடம் கம்பெனி புதிய மென்பொருள் ஒன்றை அனுப்பியது. மாதம் முடிந்ததும் பழையது நின்றுவிடும், புதியது இல்லாதவர்களுக்கு வேலை வராது என்று மேலாளர் பத்ரிநாத் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்.

நான் அன்றே நிறுவிப் பார்த்தேன். பச்சைக் கோடு நிறைந்தது. பெட்டி மூடிக்கொண்டது. முகப்பில் புதிதாக எந்தப் படமும் இல்லை.

வழக்கமாகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். வைரஸ் தடுப்பை நிறுத்திவைத்தேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். இணையத்திலிருந்து மறுபடி இறக்கினேன். ஒவ்வொரு முறையும் கோடு முழுதாக நிறைந்தது. அது பாதியில் நின்றிருந்தாலாவது எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். மென்பொருள் தனக்கென்று ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் எதையும் வைக்காமல் போயிருந்தது. என்ன நடந்தது என்று அது எழுதிவைக்கும் கோப்பைத் தேடித் திறந்தேன். "பரவாயில்லை" என்று மட்டும் இருந்தது.

பத்ரிநாத் போன் செய்தார்.

"என்னங்க நாச்சிமுத்து, எல்லாருக்கும் ஏறிடுச்சு. உங்களுக்கு என்ன?"

"ஏறுதுங்க. ஏறிட்டு இறங்கிடுது."

"இறங்காமப் பாத்துக்குங்க," என்றார்.

காந்திபுரத்துக்குப் போய் விசாரிக்கிறவர் ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். கலாமணி என்று பெயர். மறுநாள் ஸ்கூட்டியில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நீங்க கொஞ்ச நேரம் பால்கனில இருங்க. வீட்டுக்காரர் இருந்தா பேசாது."

நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொடியில் என் சட்டை ஒன்றும் துண்டு ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே கலாமணி தணிந்த குரலில் பேசுவது கேட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரரிடம் நலம் விசாரிப்பதைப் போல இருந்தது. நடுநடுவே "அப்படிங்களா" என்றார்.

கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கமான மென்பொருளுங்க. உங்க மேல ஒரு குறையும் சொல்லல."

"பின்ன ஏன் போகுது?"

"அதத்தான் சொல்ல மாட்டேங்குது. கூச்சப்படுது. இன்னொரு தடவ ஓட்டி விடுங்க. நான் பக்கத்துல இருந்து பாக்கறேன்."

ஓட்டினேன். கோடு நிறையத் தொடங்கியது. முக்கால்வாசி வந்ததும் கணினியிலிருந்து மெல்லிய இருமல் ஒன்று வந்தது. கூடவே "தொடர்க" என்று ஒரு சிறிய கட்டம். அது மறைவதற்குள் அமுக்க வேண்டும். அமுக்கினேன். கோடு நிறைந்தது. பெட்டி மூடிக்கொண்டது.

கலாமணி திரையைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருமுச்சுங்களா?"

"எப்பவும் இருமுங்க." நாள் முழுக்க நோயாளிகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பதால், இருமலை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"அப்ப உள்ள இருந்து யாராச்சும் என்ன சத்தம்னு கேக்கோணும்."

"உள்ள யாரும் இல்லீங்க."

"அதானுங்க," என்றார் கலாமணி. "கேக்க ஆளில்லாத வீட்ல ஒட்டாதாட்ட இருக்குது."

நானே சமையலறைக்குப் போய்க் கேட்டால் என்ன என்றேன். கட்டத்தை அமுக்க நான் இங்கே இருக்க வேண்டுமே என்றார். அவரே கேட்கலாமே என்றேன். விசாரிக்கிறவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது, தொழிலில் அது தவறு என்றார்.

"தெரிஞ்சவங்க யாரயாச்சும் உள்ள உக்கார வெச்சுப் பாருங்க. வீட்டு ஆளா இருந்தாத்தான் ஆகுமோ என்னமோ. அது எனக்கு நிச்சயமாத் தெரியலீங்க."

அவர் போன பிறகு பொள்ளாச்சியில் இருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். ஒரு நாள் வந்து சமையலறையில் உட்கார முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

"தோப்புல காய் வெட்டு நடக்குதுண்ணா. வீட்ல பேசிட்டுச் சொல்றேன்," என்றான்.

எதிர் வீட்டில் கஃபூர் பாய் இருக்கிறார். டவுன்ஹாலில் குடைக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்குள் போனார். நான் மென்பொருளை ஓட்டினேன். இருமல் வந்தது.

"என்ன சத்தம், நாச்சிமுத்து?" என்றார், கடையிலிருந்து தெருவைப் பார்த்துக் கூப்பிடும் குரலில்.

நான் அமுக்கினேன். கோடு நிறைந்தது. பெட்டி மூடிக்கொண்டது.

கலாமணி வந்து விசாரித்துவிட்டு, "நின்னுட்டே கேட்டாராம்," என்றார்.

அது உண்மைதான். என் சமையலறையில் உட்கார ஒன்றும் இல்லை. நான் உட்பட யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. கஃபூர் பாய் வருத்தப்பட்டார்.

"எங்க வீட்ல நான் எதயும் கேக்கறதில்லீங்க. அவங்கதான் கேப்பாங்க," என்று மனைவியை அனுப்பிவைத்தார்.

ஜமீலாக்கா தன் வீட்டிலிருந்தே முக்காலியை எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே உரிப்பதற்கு வெங்காயமும். இருமல் வந்ததும் தலை நிமிராமலே, "என்னது சத்தம்?" என்றார். அதைவிட இயல்பாக யாரும் கேட்க முடியாது. கோடு நிறைந்தது. பெட்டி மூடிக்கொண்டது. ஜமீலாக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு டிவியில் செய்தி வாசித்தவர், மழை அறிவிப்புக்குப் பிறகு ஒரு நோயாளியின் இடது முழங்காலைப் பற்றி விரிவாகப் பேசினார். மென்பொருள் அக்காவின் பின்னாலேயே போய் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கலாமணி வந்து அதைப் பக்குவமாகப் பேசி எடுத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அவங்க கேட்டது அவங்க வீட்டுக் கேள்விங்க. உங்க வீட்டுக்குக் கேக்க ஆள் வேணும்," என்றார்.

படியிறங்கப் போனவர் நின்றார்.

"இதே இருமல் சூலூர்லயும் ஒரு வீட்ல கேட்டேன். உங்க கம்பெனிதான். அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. பேரச் சொல்லக் கூடாது. முதலெழுத்துச் சொல்லலாம்."

"சொல்லுங்க."

"ஜெ.ரா."

"கமா அடிக்கறவங்களா?"

"அது தெரியாதுங்க. கண்ணாடி போட்டிருக்காங்க," என்றார் கலாமணி.

கலாமணி பேசி வைத்தபடி, இரண்டு நாள் கழித்து ஜெ.ரா. ஆட்டோவில் வந்தார். கணினியை ஒரு நீலப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். என்னை விடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். பாதி நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். மூன்று மாடிக்கும் கணினியை நான் தூக்கி வந்தேன். அவர் பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்து, வாசலில் நின்று வீட்டை ஒரு முறை பார்த்தார்.

"ஜெசிந்தா ராஜம்," என்றார். "நீங்க தேவையில்லாத எடத்துல கமா போடறவர்."

"ஆமாங்க மேடம்."

"எதுக்குப் போடறீங்க?"

"டாக்டர் அந்த எடத்துல மூச்சு விடறாருங்க."

"டாக்டர் விடட்டும்," என்றார்.

அவருடைய கணினியை என் மேசைக்கு எதிரே, பீரோவை நகர்த்தி, ஒரு பலகை போட்டு வைத்தோம். அக்கா ஒருவர் கூட இருந்தவரை எல்லா மென்பொருளும் ஒட்டியது, இப்போது அக்கா இல்லை என்று பிளக்கைச் செருகியபடியே சொன்னார்.

சமையலறைக்கென்று நான் ஒரு ஸ்டூல் வாங்கி வைத்திருந்தேன். அவர் அதில் போய் உட்கார்ந்தார். இருமல் வந்தது. "என்ன சத்தம்?" என்று கேட்டார். கேள்வியில் ஒரு குறையும் இல்லை. நான் அமுக்கினேன். பெட்டி மூடிக்கொண்டது.

கலாமணியிடம் போனில் சொன்னோம். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு என் கணினிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் பால்கனிக்குப் போகச் சொன்னார். நாங்கள் கொடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டிருந்தோம்.

"அந்தம்மா உள்ள போறப்ப லைட் சுவிட்சத் தேடுனாங்களாம்," என்றார் கலாமணி பிறகு. "வீட்டு ஆளுக்கு சுவிட்ச் தெரியோணுமில்லீங்களா."

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப வீட்டப் படிக்கணும்," என்றார்.

அடுத்த நாளிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்தார். மருத்துவர்களின் குரலைக் கேட்டு அறிக்கை திருத்துவதைப் போலவே என் வீட்டையும் படித்தார். எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு, எந்தக் குழாயை இரண்டு முறை முறுக்க வேண்டும், எந்த அலமாரிக் கதவைத் தூக்கித் திறக்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஹாலுக்கும் போய் வந்தார். இடித்துக்கொண்ட இடத்தில் நின்று, அந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். நான் என் மேசையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். காதில் மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவர் நடக்கிறார் என்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று நிறையத் தவறுகள் செய்தேன். அவற்றை எதிரே உட்கார்ந்து அவரே திருத்தினார்.

"உப்பு ஏன் மேல் தட்டுல இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"எப்பவும் அங்கதாங்க."

"உங்களுக்கே எட்டல."

"எட்டி எடுத்துக்குவேன்."

மறுநாள் உப்பு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ரசம் வைக்கும்போது என் கை தானாக மேல் தட்டுக்குப் போய், வெறும் தட்டைத் தடவிவிட்டுத் திரும்பியது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தட்டில் சாப்பாடு போட்டேன். என்னிடம் இரண்டு தட்டு இருப்பதே அன்றுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது தட்டின் அடியில் கடைக்காரர் ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. ஜெசிந்தா சாப்பிட்டு முடித்ததும் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

தினமும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். அவர் கேட்டார். நான் அமுக்கினேன். கோடு நிறைந்தது, பெட்டி மூடிக்கொண்டது. கலாமணிக்கும் காரணம் பிடிபடவில்லை. இப்போது மென்பொருள் தன்னிடமும் பேசுவதில்லை, "நல்லாத்தான் இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்று மட்டும் சொல்கிறது என்றார். அவர் குரலில் களைப்பு தெரிந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். "பரவாயில்லை" தான் இருந்தது.

ஜெசிந்தா சாயங்கால பஸ்ஸுக்குப் போனதும் வீடு முன்பு போலவே இருக்கும். முன்பு என்பதை மட்டும் என்னால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் விளக்கைப் போட்டதும் சமையலறை வெறும் சமையலறையாக இருந்தது. இப்போது அதில் யாரும் உட்காராத ஸ்டூல் ஒன்று இருந்தது. நான் அதை மேசைக்கு அடியில் தள்ளிவைப்பேன். காலையில் அவர் வருவதற்குள் எடுத்து வெளியே வைப்பேன்.

மாதக் கடைசி வந்தது. பத்ரிநாத் காலையிலேயே போன் செய்து, "என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றார். அவர் அதை நேராகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஜெசிந்தாவுக்கும் அதையே சொல்லியிருந்தார்.

அன்று எங்களுக்கு வேலை குறைவாக வந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஜெசிந்தா நீலப் போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆட்டோ வரச் சொல்லி எடுத்துட்டுப் போயிடறேன்," என்றார்.

"இனி என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல. எங்க தெருவுல பசங்களுக்கு டியூஷன் எடுக்கலாம். எனக்கு இங்கிலீஷ் வரும். கொழந்தைங்க வருமான்னு தெரியல." போர்வையை மடித்தபடி, "நீங்க?" என்றார்.

"தம்பி தோப்புக்கு வரச் சொல்லலாம்," என்றேன். தம்பி அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

அவர் காபி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயை இரண்டு முறை முறுக்கும் சத்தம் கேட்டது. என் எதிரே திரை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கையோடு உட்கார எனக்கு வராது. மென்பொருளை ஓட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. ஓட்ட வேண்டும் என்று நினைத்து ஓட்டியதும் இல்லை. பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசியில் இருமியது.

"என்ன சத்தம் அங்க?" என்றார் ஜெசிந்தா. டம்ளர் கழுவும்போது எதையோ யோசித்துக்கொண்டிருந்தவர், அது கலைந்த எரிச்சலில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் கட்டத்தை அமுக்கினேன். கோடு நிறைந்தது. பெட்டி மூடிக்கொள்ளவில்லை. "நன்றி" என்று ஒரு சொல் வந்தது. முகப்பில், குப்பைத் தொட்டிப் படத்துக்குப் பக்கத்தில், புதிதாகச் சின்னப் படம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கலாமணிக்கும் தோன்றவில்லை. கஃபூர் பாய் கேட்டபோதும், ஜமீலாக்கா கேட்டபோதும், இத்தனை நாள் ஜெசிந்தா கேட்டபோதும் நான் வாயைத் திறக்காமல் கட்டத்தை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்ல" என்ற சொல்லைக் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜெசிந்தா ஈரக் கையோடு வந்து என் திரையைப் பார்த்தார். பிறகு தன் கணினியின் முன்னால் உட்கார்ந்தார்.

"நீங்க உள்ள போங்க," என்றார்.

நான் சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் முறையாக உட்கார்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஹாலில் பாதி தெரிந்தது. அவருடைய முதுகும் திரையின் ஓரமும் தெரிந்தன. அவருடைய மென்பொருளின் இருமல் என்னுடையதைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது.

"என்ன சத்தம் அங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றார்.

அவருக்கும் ஒட்டிக்கொண்டது. பத்ரிநாத்துக்குப் போன் செய்து சொன்னோம். "பாத்தீங்களா, நான்தான் சொன்னனே," என்றார் அவர்.

கணினியைச் சூலூருக்கு எடுத்துப் போகக் கூடாது என்று கலாமணி சொல்லிவிட்டார். இந்த வீட்டில் ஒட்டியது வழியிலேயே உதிர்ந்துவிடும் என்றார். அதனால் ஜெசிந்தா தினமும் வந்து போவது என்று ஆனது. காலையில் வருவார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, காதில் வெவ்வேறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டு தட்டச்சு செய்வோம். நான் மூச்சு விடும் இடங்களில் கமா போடுவதைக் குறைத்துக்கொண்டேன். சில இடங்களில் அவர் விட்டுவிட்டார். சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேன்" என்பார். நான் பால்கனியில் நின்று, அவர் வளைவில் திரும்பும்வரை பார்ப்பேன். சூலூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போய்ச் சேர்ந்ததும் போன் செய்வார் என்று சில நாள் காத்திருந்தேன். அப்படிச் செய்வதாக அவர் சொன்னதில்லை. செய்யவும் இல்லை. இரண்டு கணினிகளும் அணைந்து கிடக்கும் ஹாலில் உட்கார்ந்து, மறுநாள் அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில்களை யோசித்து வைத்துக்கொள்வேன். அவர் வேறு எதையாவது கேட்பார்.

மழைக்காலம் தொடங்கியது. பஸ் தாமதமாகும் என்று நினைத்தேன். அவர் முன்னைவிடச் சீக்கிரமாக வந்தார்.

"இன்னிக்கு ஒரே பஸ்ல வந்துட்டேன்," என்றார் ஒரு நாள், குடையை உதறிக்கொண்டே.

அந்த வாரம் ஒரு காலையில் பால்கனிக் கதவைத் திறந்தபோது எதிரே சிங்காநல்லூர் குளம் தெரிந்தது. நாரைகள் நின்றிருந்தன. கொடியில் துணியைப் போட்டேன். எங்கள் குடியிருப்பு தினமும் சாயங்காலத்துக்கு மேல் கிழக்காக, சூலூர் இருக்கும் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டில் கஃபூர் பாயைப் பார்த்தேன். நடுவில் சில நாள் டவுன்ஹாலுக்கு நடந்தே போக முடிந்தது என்றும், இப்போது கடை மறுபடி தூரமாகிவிட்டது என்றும் சொன்னார்.

"இந்தப் பக்கம் காத்து நல்லா வருது. ஜமீலாவுக்குப் புடிச்சிருக்கு," என்றார்.

பிறகு திருச்சி ரோட்டு லாரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஜெசிந்தாவின் பையில் சாப்பாட்டு டப்பா இருப்பது நின்றது. பிறகு பையே இல்லாமல் வந்தார். ஒரு நாள் சாயங்காலம் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் பால்கனியில் நின்றேன். அவர் வளைவுவரை போகவில்லை. தெருவைக் கடந்து, எதிரே இருந்த ஓட்டு வீட்டின் பூட்டைத் திறந்து உள்ளே போனார். முன்னறையில் விளக்கு எரிந்தது. அவர் நீலப் போர்வையைக் கொண்டுவந்து திண்ணையில் உதறிக் காயப்போட்டார்.

மறுநாள் காலை கதவைத் தட்டியவர் எங்கள் பால்காரர் இல்லை. சூலூர்ப் பால்காரர். சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு, கேனோடு மேலே ஏறி வந்திருந்தார்.

"வழக்கமா எவ்வளவு வாங்குவீங்க?" என்று கேட்டார்.

உள்ளே போய்ப் பெரிய பாத்திரமாக எடுத்து வந்தேன்.